உடைய வேண்டிய பல்

பிரானிகன் வீசிய சக்கரம் பட்டறை மேசையில் உருண்டு, என் டீக் கோப்பையை உடைத்து, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் முட்டித்தான் நின்றது. காலை பத்தரை. பாலாடைக்கட்டி அடைத்த பஸ்தீஸியில் ஒரு கடிதான் கடித்திருந்தேன். சூடான டீ தொடையில் கொட்டியது. நான் கத்தவில்லை. அந்த ஆள் முன்னால் கத்துவதில்லை என்று வைத்திருக்கிறேன். சக்கரத்தைப் பார்த்தேன். பதினோரு கிலோ வெண்கலம், நாற்பத்தொரு பல். இப்போது முப்பத்தெட்டு. மூன்று பல் வேரோடு போயிருந்தது. உடைந்த இடம் கற்கண்டை உடைத்ததுபோல் சொரசொரவென்று மின்னியது. புது உடைப்பு. பழைய விரிசல் என்றால் உள்ளே கறுத்திருக்கும். அதாவது என் வெண்கலத்தில் குற்றமில்லை. எதுவோ ஒரே இழுப்பில் இழுத்து உடைத்திருக்கிறது.

"மூணாவது தடவை, பெரிசு," என்றான். "ஒரே சீசன்ல மூணாவது தடவை. ஆலை ஏழு மணி நேரம் நின்னு போச்சு. வெட்டின கரும்பு தொட்டியிலயே புளிச்சுக் கெடக்கு. கையிருப்புல இருந்த கடைசி சக்கரத்த மாட்டி ஓட்டிக்கிட்டிருக்கோம். நீ வெண்கலத்துல செய்யறியா, வெண்ணெயில செய்யறியா?"

ஆற்றுக்கு வடக்கே உள்ள சர்க்கரை ஆலையில் எந்திரங்களுக்கெல்லாம் அவன்தான் மேலாள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் தெற்கே ஏதோ நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்தவன். கழுத்தும் தலையும் ஒரே அகலம். நான் அவனை நம்பவில்லை. அதில் விசேஷம் ஒன்றுமில்லை, நான் யாரையும் நம்புவதில்லை. எஃகுக் கம்பியின் நுனியில் கம்பெனிக்காரன் அடித்த முத்திரையைக்கூட நம்பமாட்டேன். சாணைக்கல்லில் வைத்து, பொறி எப்படிப் பறக்கிறது என்று பார்த்துத்தான் எடுப்பேன். பதினோரு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மால்டாவிலிருந்து கப்பலில் வந்து, இந்தக் குயின்ஸ்லாந்து வெயிலில் கரும்பு வெட்டி, அப்புறம் இந்தப் பட்டறையைப் போட்டேன். எழுபத்தொரு வயதில் இன்னும் பல் வெட்டுகிறேன். சக்கரத்தில் சொல்கிறேன். வாயில் ஏழுதான் மிச்சம்.

அந்தச் சக்கரம் இருந்த இடத்தைச் சொல்ல வேண்டும். கரும்பு ஏற்றிய தொட்டி தண்டவாளத்தில் வந்து ஒரு பெரிய இரும்பு உருளைக்குள் நுழையும். உருளை தொட்டியோடு சேர்ந்து தலைகீழாகப் புரண்டு, கரும்பையெல்லாம் கீழே கொட்டும். டிப்லர் என்போம். மோட்டாரிலிருந்து வரிசையாக ஐந்து பல்சக்கரம். கடைசியில் உருளையைச் சுற்றி ஒரு சங்கிலி, மனுஷன் முழங்கை கனத்துக்கு. லீவரைப் பிடிக்கிறவன் அந்தச் சங்கிலிக்குப் பக்கத்தில் ஒரு மேடையில் நிற்பான். ஐந்தில் நாலு சக்கரம் எஃகு. நடுவில் உள்ள ஒன்று மட்டும் வெண்கலம். உருளை எங்காவது மாட்டிக்கொண்டாலும் மோட்டார் விடாது, இழுத்துக்கொண்டே இருக்கும். அப்போது எதுவோ ஒன்று உடைந்தே ஆகவேண்டும். அது வெண்கலமாக இருக்கட்டும் என்று வைத்தது. அது உடைந்தால் அதற்குக் கீழே உள்ள பிரேக் உருளையைப் பிடித்துக்கொள்ளும். ஏழு மணி நேரம் போகும், அவ்வளவுதான். சங்கிலி அறுந்தால் பிடிக்க ஒன்றுமே இல்லை.

"அது ஒடையறதுக்குத்தான் செஞ்சது," என்றேன்.

"எது?"

"அந்தச் சக்கரம். உருளை எங்கயோ மாட்டுது. தொட்டியப் புடிக்கிற கொக்கி வளைஞ்சிருக்கும், இல்லேன்னா தண்டவாளம் எறங்கியிருக்கும். போயி அதப் பாரு. இத ஏன் கொண்டாந்து என் டீ மேல வீசுற?"

"உன்கிட்ட நான் காரணம் கேக்க வரல. எஃகுல செய். பல்ல நல்லாக் காய்ச்சி எண்ணெயில முக்கி இறுக்கிக் குடு. நாளைக்குச் சாயங்காலம் வேணும்."

"செய்ய மாட்டேன்."

அவன் என் சட்டைக் காலரைப் பிடித்தான். ஸ்டூல் பின்னால் போய் விழுந்தது. லேத்து சும்மா ஓடிக்கொண்டிருந்தது; டீ குடிக்கும் நேரத்துக்கெல்லாம் நான் அதை நிறுத்துவதில்லை. என்னைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போய் அதன் மேல் சாய்த்தான். சுழலும் இரும்பின் காற்று என் காதில் பட்டது. நடுவில் ஒரு சாண்தான். அவன் வாயில் வெங்காய வாடை. "செய்வியா, மாட்டியா?" என்றான், ரொம்ப மெதுவாக. சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் பயந்திருக்க மாட்டேன். என் வலது கை பலகையில் தடவித் தடவி ரெண்டு பவுண்டு சுத்தியலைக் கண்டுபிடித்தது. அவன் முழங்காலில் இறக்கினேன். முழு பலத்தோடு இல்லை. முழு பலத்தோடு இறக்கியிருந்தால் அதோடு அவன் நடை முடிந்திருக்கும். எலும்பில் பட்ட சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

காலைப் பிடித்துக்கொண்டு எண்ணெய்ப் பீப்பாய் மேல் உட்கார்ந்தான். திட்டுவான் என்று பார்த்தேன். சிரித்தான்.

"நீ வேணாம் கெழவா. மக்காய் டவுன்ல ஒருத்தன் பட்டன அமுக்கினா பல்லு வெட்டற மிசின் வச்சிருக்கான். ரெண்டு நாள் கூட ஆகும், அவ்ளோதான்." எழுந்து நொண்டிக்கொண்டே வாசல்வரை போனான். அங்கே நின்று திரும்பினான். "இன்னொண்ணு. அந்த லீவர்ல நிக்கிறது உன் மவன்தானே? நேத்து ஒடைஞ்சதும் அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'எங்கப்பன் கை பட்டது எது உருப்பட்டிருக்கு?'ன்னான். மொத்த ஷிப்டும் சிரிச்சுது."

விழுந்து கிடந்த ஸ்டூலை நிமிர்த்தி வைத்தேன். லேத்தை நிறுத்தினேன்.

"பிரானிகன்," என்றேன். "மக்காய் வேணாம். நானே எஃகுல செஞ்சு தர்றேன்."

"பாத்தியா," என்றான். "முட்டியில ஒரு அடி விழுந்தாத்தான் உனக்குப் புத்தி வருது. அதுவும் என் முட்டியில."

மகன் பேச்சை எடுத்ததும் நான் மசிந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு போனான். நினைக்கட்டும். மக்காய்க்காரன் வெட்டினால் அது நாணயமான எஃகாக இருக்கும். நாற்பத்தொன்பதாம் வருஷம் நான் வெட்டியதுபோல. அப்போது எனக்கு முப்பத்து மூன்று. வேறொரு ஆலை, இதே மாதிரி டிப்லர், இதே மாதிரி நடுவில் ஒரு வெண்கலம். மாதத்துக்கு ஒருதரம் உடைந்தது. உடையும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு ரோசம். எஃகில் வெட்டி, இறுக்கி, நானே தூக்கிக்கொண்டு போய் மாட்டினேன். இனிமேல் இது உடைந்தால் என் பேரை மாற்றிக்கொள்கிறேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். உடையவில்லை. பதினெட்டாம் நாள் சங்கிலி அறுந்தது. லீவரில் நின்றவன் பேர் நாசு, என்னோடு ஒரே கப்பலில் வந்தவன். சங்கிலி அவன் முகத்தைக் கொண்டுபோனது. முகத்தைத்தான் சொல்கிறேன். மிச்ச உடம்பு லீவரைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தது. விசாரணைக்கு வந்தவர்கள் சங்கிலி பழசு என்று எழுதிக்கொண்டு போனார்கள். சங்கிலி பழசுதான் என்று நானும் சொன்னேன். அப்புறம் ஆள் இல்லாத நேரமாகப் போய் என் சக்கரத்தைப் பார்த்தேன். ஒரு பல்லில்கூடக் கீறல் இல்லை. இதை நான் என் பெண்டாட்டியிடம் சொன்னதில்லை, பாதிரியாரிடம் சொன்னதில்லை. என் மகன் ஸ்பிருவிடமும் சொன்னதில்லை.

அன்றைக்கே எஃகைத் தேர்ந்தேன். மூன்று துண்டைச் சாணையில் வைத்துப் பார்த்தேன். ஒன்றின் பொறி வைக்கோல் நிறத்தில் நீளமாகப் போய் நுனியில் மட்டும் பிரிந்தது, மென்மை. இன்னொன்று பூவாணம்போல் வெடித்தது. அதை இறுக்கினால் கண்ணாடியாகிவிடும், முதல் அதிர்ச்சியிலேயே தெறிக்கும். மூன்றாவது நிக்கல் கலந்தது, பொறி அடக்கமாக வந்தது. அதை எடுத்தேன். இருபது பல் சக்கரத்தோடு சேர்வதற்கு நாற்பது பல் வைத்தால் கணக்குச் சுலபம். நான் நாற்பத்தொன்றுதான் வைப்பேன். நாற்பது என்றால் ஒரு பல் ஆயுசு பூராவும் எதிரே அதே பல்லைத்தான் அடித்துக்கொண்டிருக்கும். ஒன்றில் குறை இருந்தால் மற்றதையும் தின்று அழித்துவிடும். ஒரு பல்லைக் கூட்டி வைத்தால் அடி எல்லாவற்றுக்கும் மாறி மாறிப் போகும். சாய்ந்த பல்லாக வெட்டினால் சத்தம் குறையும், ஆனால் சக்கரம் மாட்டிய தண்டைப் பக்கவாட்டில் தள்ளும். அங்கே இருக்கிற பழைய பேரிங் தாங்காது. ஆகவே நேர்ப் பல். மறுநாள் மத்தியானம்வரை வெட்டினேன். செக்கச் செவேல் என்று பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் இறக்கினேன். அது பன்றியை அறுக்கிறமாதிரி கத்திக்கொண்டே இறங்கியது. ஆறியதும் அரத்தை வைத்து இழுத்தேன். அரம் வழுக்கிக்கொண்டு போனது. நல்ல சக்கரம். நாசுவைக் கொன்றதைவிட நல்ல சக்கரம்.

அப்புறம் கீ செய்தேன். சக்கரத்தையும் அது உட்காரும் தண்டையும் சேர்த்துப் பூட்டுகிற சதுரக் கட்டி அது. கட்டைவிரல் நீளம்தான். சக்கரம் எவ்வளவு கெட்டியாக இருந்தால் என்ன, தண்டைத் திருப்புவது அந்தக் கட்டிதான். மேலாள் எவனும் அதைப் பார்ப்பதில்லை. ஜன்னல் கம்பி ரகத்தில், இருப்பதிலேயே மென்மையான இரும்பை எடுத்தேன். அடிப்பக்கத்தில் ரம்பத்தால் பாதி ஆழம் அறுத்து, வெட்டில் ஈயத்தை உருக்கி ஊற்றி, சமமாக ராவி, எண்ணெயில் சுட்டுக் கறுப்பேற்றினேன். வெண்கலப் பல் எந்த இழுப்பில் உடையுமோ அதே இழுப்பில் இது அறுபடவேண்டும். அதேபோல் இன்னும் மூன்று செய்து, வைஸில் மாட்டி, நீளமான குழாயில் என் உடம்பையே தொங்கவிட்டு அறுத்துப் பார்த்தேன். மூன்றாவது தடவை குழாயோடு தரையில் விழுந்து முழங்கை தோல் போனது. சரியாக இருந்தது. உருளை மாட்டினால் கீ அறும், சக்கரம் தண்டின் மேல் சும்மா சுற்றும், பிரேக் பிடிக்கும். ஸ்பிரு மேடையில் நின்று என்னைத் திட்டுவான். திட்டட்டும். கிரீஸ் தடவி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, சக்கரத்தோடு கட்டி, புதன்கிழமை சாயங்காலம் ஆலை வண்டியில் ஏற்றி அனுப்பினேன்.

ஸ்பிருவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒன்பது வருஷமாக நாங்கள் பேசுவதில்லை. முப்பத்தைந்து வயதுவரை அவன் என் பட்டறையில்தான் வேலை பார்த்தான். ஒரு அறுவடை எந்திரத்துக்குச் சக்கரம் மாட்டும்போது, அவசரத்தில், கையில் கிடைத்த மென்மையான இரும்பில் கீ போட்டுவிட்டான். அரம் வைத்துப் பார்க்கவில்லை. வயலில் அது அறுந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை, எந்திரம் நின்றது, அவ்வளவுதான். அந்த விவசாயி அறுந்த துண்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "உன் மகன் வேலை, வென்சு" என்றான். நான் அந்தத் துண்டைக் கைக்குள் பொத்திக்கொண்டு ஸ்பிருவின் தாடையில் குத்தினேன். "ஒரு கீயக்கூட ஒழுங்காப் போடத் தெரியாதாடா உனக்கு?" தாடை ரெண்டு இடத்தில் உடைந்தது. ஆறு வாரம் வாயைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள், குழாயில் சூப் குடித்தான். எலும்பு கோணலாகச் சேர்ந்தது. இப்போதும் வாய் இடது பக்கம் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். கட்டு அவிழ்த்த அன்றே ஆலையில் எந்திரம் பூட்டுகிற பிட்டராகச் சேர்ந்தான். டிப்லர் அவன் பொறுப்பு. ஆள் குறைந்தால் லீவரிலும் அவனே நிற்பான். தெருவில் என்னைப் பார்த்தால் அந்தப் பக்கம் கடந்து போவான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் மனைவி டெனிஸ் வந்தாள். நல்ல பெண். புருஷனுக்குத் தெரிந்தே வருஷத்துக்கு ரெண்டுதரம் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவாள். கையில் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று.

"மாமா, இத உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாரு."

"யாரு?"

"உங்க புள்ளதான். ஒண்ணும் சொல்லவேணாம், குடுத்தாப் போதும், கெழவனுக்குப் புரியும்னாரு. மன்னிச்சுக்குங்க மாமா, அவரு சொன்னத அப்படியே சொல்றேன்." அவள் முகம் மலர்ந்திருந்தது. "நேத்து சாப்பிடும்போது தானாச் சிரிச்சாரு. உங்க பேச்சு வந்து அவரு சிரிச்சு நான் பாத்ததே இல்ல. என்ன, ரெண்டு பேரும் சமாதானம் ஆயிட்டீங்களா?"

துணியைப் பிரித்தேன். என் கீ. அதன் முதுகில் அரம் இழுத்த தடம், மூன்று கோடு, சீராக, நான் அவனை அடித்து அடித்துப் பழக்கிய அதே சாய்வில். புரட்டினேன். அடிப்பக்கமும் ராவியிருந்தான். ஈயம் வெள்ளையாகத் தெரிந்தது.

"இதுக்குப் பதிலா என்ன போட்டான்?"

"எதுக்கு மாமா?"

"அங்க! சக்கரத்துல! என்ன போட்டான்னு கேக்கறேன், காது கேக்கலையா?"

டெனிஸ் ஒரு அடி பின்னால் போனாள். எங்கள் குடும்பத்தில் கை எப்படி நீளும் என்று அவளுக்குத் தெரியும். "தானே ஒண்ணு செஞ்சு போட்டேன்னாரு," என்றாள். "பழைய லாரி ஆக்சில்ல இருந்து வெட்டி. இந்த சென்மத்துக்கு அது அறாதுன்னாரு."

லாரி ஆக்சில். நானாக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன். பொறியைப் பார்த்தேன், பல்லை எண்ணினேன், குழாயில் தொங்கிப் பார்த்தேன். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. காகிதத்தில் சுற்றி வந்த கீயை எடுத்து அப்படியே தட்டிச் செருகிவிட்டுப் போகிற பிட்டர்கள்தான் அந்த ஆலை பூராவும். அரம் வைத்துப் பார்க்காமல் ஒரு கீயைப் போடவே மாட்டாதவன் அங்கே ஒருத்தன்தான் இருந்தான். அவன் தாடையைக் கோணலாக்கியது நான்.

ஆலைக்குப் போன் செய்தேன். ஆபீஸ் பெண் கொஞ்சம் காத்திருங்கள் என்று சொல்லிப் பாட்டுப் போட்டாள். போனைத் தூக்கிப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். பாலத்தில் கரும்பு ரயில் போய்க்கொண்டிருந்தது. நூற்றிருபது தொட்டி. கடைசித் தொட்டி போகும்வரை ஒலிப்பானை அமுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், ரயிலுக்கு எதிராக. கீ என் இடது கைக்குள் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியாது.

டிப்லர் கொட்டகைக்குள் நாம் பேசுவது நமக்கே கேட்காது. ஸ்பிரு மேடையில் நின்றுகொண்டிருந்தான், தரையிலிருந்து பதினாலு படி உயரத்தில், லீவரில் ஒரு கை. அவனுக்கு ஒரு முழம் தள்ளிச் சங்கிலி. கீழே நிறுத்தும் சிவப்புப் பொத்தான் உள்ள தூணில் சாய்ந்தபடி பிரானிகன், முழங்காலில் கட்டோடு. "நிறுத்துடா!" என்று கத்தினேன். ஸ்பிரு என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு, வேண்டுமென்றே, அடுத்த தொட்டியை உள்ளே விட்டான். நான் தூணை நோக்கி ஓடினேன். பிரானிகன் குறுக்கே வந்தான்.

"இன்னொரு ஏழு மணி நேரம் நிறுத்த வந்துட்டியா?" என் காதுக்குள் கத்தினான். "ஒரு தடவகூட ஒடையல! பாரு! இதத்தான் நான் அப்பவே சொன்னேன்!"

"சங்கிலி அறும்டா! தள்ளு!"

"எது அறும்?"

சொல்லிப் புரியவைக்க நேரமில்லை. சொல்லிப் புரியவைத்துப் பழக்கமும் இல்லை. கீயைப் பொத்திய கையால் அவன் வாயில் குத்தினேன். ரெண்டு பல் என் விரல் முட்டியில் வெட்டி உள்ளே போனது. அவன் தலையை ஒருதரம் உலுக்கிவிட்டு என் வயிற்றில் குத்தினான். அப்புறம் கன்னத்தில். நான் விழுந்தேன். தரையில் கரும்புச் சாறும் சேறும் எண்ணெயும். நல்ல காலை ஊன்றிக்கொண்டு கெட்ட காலால் என் விலாவில் உதைத்தான். அவனுக்கும் வலித்திருக்கும், உதைக்கும்போதெல்லாம் அவனே முனகினான். மூன்றாவது உதையில் உள்ளே எதுவோ கரும்பு முறிவதுபோல் முறிந்தது.

அப்போதுதான் உருளை மாட்டியது. பாதி புரண்டிருந்தது. தொட்டியின் கொக்கி சட்டத்தில் போய் இடித்த சத்தம் தரை வழியாக என் முதுகில் ஏறியது. மோட்டாரின் சத்தம் கீழே இறங்கியது, மாடு ஈனும்போது முனகுவதுபோல். நான் கிடந்த இடத்திலிருந்து என் சக்கரம் தெரிந்தது. நின்றபடியே நடுங்கியது. உடை, என்றேன். வாயில் ரத்தம் நிறைந்திருந்தது, ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. உடை, உடைந்து தொலை. ஆயுசில் நான் எந்தப் பல்லிடமும் கெஞ்சியதில்லை. அது உடையாது என்று எனக்குத்தான் தெரியுமே. மேலே சங்கிலி விறைத்துத் துருவைக் கொட்ட ஆரம்பித்தது. துரு பழுப்பு மழைபோல் ஸ்பிருவின் தொப்பியில் விழுந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. கீழே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான், என் விலாவில் இருந்த பூட்ஸையும்.

லீவரை ஓடவிட்டு மேடையை விட்டு இறங்கக் கூடாது. ஆலையில் முதல் நாள் சொல்லும் விதி அது. ஸ்பிரு லீவரை அப்படியே கொக்கியில் மாட்டிவிட்டு இறங்கினான். ஓடவில்லை. ஒவ்வொரு படியாக, பூட்ஸ் இரும்பில் தட்டத் தட்ட இறங்கி வந்தான். வலது கை முஷ்டி பிடித்திருந்தது. அது யாருக்கு என்று எனக்குத் தெரியவில்லை. பிரானிகனுக்கும் தெரியவில்லை, உதைப்பதை நிறுத்திவிட்டு, வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பி, இடம் விட்டு ஒதுங்கினான்.

"வா," என்று சைகை காட்டிக் கத்தினான். "உன் அப்பன்தானே. நீயும் ரெண்டு போடு."

ஸ்பிரு என் சட்டையைப் பிடித்துத் தூக்கித் தூணில் சாய்த்து உட்காரவைத்தான். விலா எலும்பு என்னைக் குத்தியது. அவன் குனிந்தான். ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். வாய் இடது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. முஷ்டி அவன் காதுவரை போனது.

"ஒரு கீயக்கூட ஒழுங்கா செய்யத் தெரியாதா உங்களுக்கு?"

எனக்குக் கேட்டது. அந்த இரைச்சலிலும் கேட்டது. அடுத்த கணம் அவன் பின்னால் சங்கிலி அறுந்தது. துப்பாக்கிபோல் ஒரு சத்தம், அப்புறம் ஒரு காற்று. மேடையின் கைப்பிடிக் கம்பி காணாமல் போனது. லீவர் நின்ற இரும்புத் தூண், மனுஷன் மார்பு உயரத்தில், ரெண்டாக மடிந்தது. சங்கிலியின் நுனி கொட்டகையின் தகரச் சுவரைக் கிழித்துக்கொண்டு போய் வெளியே வெயிலில் விழுந்தது. பிடிக்க ஆளில்லாத உருளை தொட்டியோடு பின்னால் புரண்டு, இடித்து, மறுபடியும் முன்னால் புரண்டது. பாரம் போன மோட்டார் ஊளையிட்டது. என் சக்கரம் வேகமாகச் சுற்றியது, பல் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில். நாற்பத்தொன்றும் இருந்தன. பிரானிகன் தவழ்ந்து வந்து, என் தலைக்கு மேலே கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அடித்தான். அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

ஸ்பிரு திரும்பி மேடையைப் பார்த்தான். மடிந்த தூணைப் பார்த்தான். அப்புறம் வேகம் குறைந்து குறைந்து நிற்கப்போகிற சக்கரத்தையே ரொம்ப நேரம் பார்த்தான், பிட்டர் பார்க்கிறமாதிரி. எனக்குப் பேச மூச்சில்லை. இடது கையைத் திறந்தேன். கீ உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் தள்ளிவிட்டதும் கீழே விழுந்தது. அது இருந்த இடத்தில் சதுரமாக ஒரு பள்ளம், அதில் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. அந்தக் கையை அவன் முன்னால் நீட்டினேன்.

அவன் என் கையைப் பார்த்தான். முஷ்டியை இறக்கவில்லை. நான் தாடையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தேன். மேலே உருளை முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி கரும்புத் துண்டு, அவன் தோளிலும் என் மடியிலும், விழுந்துகொண்டிருந்தது.